தண்ணி புகுந்த வீட்டை சரி பண்ணிக் கொடுத்த மேஸ்திரி டீம்: அஞ்சுக்கு நாலு மார்க், அந்த ஒரு மார்க் ஏன் போச்சுன்னும் சொல்றேன்

வேலை முழுசா முடியட்டும், அப்பறம் ரிவ்யூ எழுதலாம்னு மாசக்கணக்கா தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். இப்பத்தான் புரியுது, முழுசா முடியுற வேலைன்னு ஒண்ணு கட்டட லைன்லயே கெடையாது. அதனால எங்க வீட்டு கப்போர்டு கதவு ஒண்ணு இன்னும் செவத்துல சாத்தி வச்சிருக்க நெலமையிலயே எழுதுறேன். மேஸ்திரி பேரும் போடல நம்பரும் போடல, மொத்தமே அவரு, மூணு கொத்தனாரு, ஒரு பிளம்பரு, ஒரு ஆசாரி அம்புட்டுதான் டீமு, பேரைப் போட்டு எல்லாரும் போன் அடிக்க ஆரம்பிச்சா என் கதவு கோவிந்தா.

நடந்தது இதுதான். மதுரையில நாராயணபுரம் பக்கம் எங்க வீடு, கீழயும் மாடியும், கட்டி ஏழு வருஷம். 2025 மாசி கடைசி முகூர்த்தத்துக்கு காரைக்குடில கல்யாணம்னு குடும்பத்தோட மூணு நாள் போயிருந்தோம். திரும்பி வந்தது ராத்திரி பதினோரு மணி, கேட்டை தொறக்கும்போதே போர்டிகோல சலசலன்னு தண்ணி, வாசக்கதவுக்கு அடியில இருந்து வருது. மாடி பாத்ரூம்ல வாஷ்பேசினுக்கு அடியில ஒரு கனெக்‌ஷன் ஹோஸ் இருக்குமே, ஒரு முழ நீளத்துக்கு, அது நட்டுக்கிட்ட விண்டு போயி ஊத்திக்கிட்டே இருந்திருக்கு. டேங்க் ஆயிரம் லிட்டர்தானே, காலியானா நின்னுருக்கணுமேன்னு நெனப்பீங்க. நாங்கதான் பெரிய அறிவாளி மாதிரி ஆட்டோமேட்டிக் சென்சார் மாட்டி வச்சிருந்தோமே, டேங்க் கொறையக் கொறைய மோட்டார் தானா ஓடி போர் தண்ணிய நெரப்பிக்கிட்டே இருந்திருக்கு. நிமிஷத்துக்கு பத்து லிட்டருன்னு வச்சுக்கிட்டாலே ஒரு நாளைக்கு 14,400 லிட்டர். எம்புட்டு மணி நேரம் ஓடுச்சோ மீனாட்சிக்குத்தான் வெளிச்சம்.

எங்க வீட்டுக்காரரு செருப்பைக் கூட கழட்டாம உள்ள ஓடப் பாத்தாரு, பக்கத்து வீட்டு அக்காதான் மாடியில இருந்து "மெயினை ஆஃப் பண்ணாம கால வைக்காதீங்க தம்பி"ன்னு கத்துனாங்க. வீட்டு லைன் ஏற்கனவே ட்ரிப் ஆயி கெடந்துச்சு, மோட்டார் லைன் தனி, அது பாட்டுக்கு உசுரோட இருந்துச்சு. அந்த அக்காவுக்கு இந்த ஜென்மம் முழுக்க நான் பலகாரம் கொடுத்து விடணும்.

விடிஞ்சு பாத்தாத்தான் சேதாரம் தெரிஞ்சுச்சு. கீழ் பெட்ரூம் சீலிங்ல பட்டி பெருசா உப்பி தொங்குது. செவரு மூணடி ஒசரத்துக்கு கருத்துப் போச்சு. கப்போர்டு அடிப்பலகை எல்லாம் ஊறப்போட்ட அவல் மாதிரி வெரலை வச்சா உள்ள போகுது, மேல லேமினேட் மட்டும் பளபளன்னு நிக்கிது. அத்தையோட கல்யாணப் பட்டு ரெண்டு சாயம் எறங்கிருச்சு, அதைப் பத்தி இங்க எழுத வேணாம்னு இருக்கேன், இன்னும் அதை சொன்னா அத்தை சாப்பிட மாட்டாங்க.

மொதல்ல வந்தது ஒரு கம்பெனி. யூனிபார்ம், டேப்லெட் எல்லாம் வச்சுக்கிட்டு வந்தாங்க. இருபது நிமிஷம் சுத்திப் பாத்துட்டு, ஈரமா இருந்தாலும் பரவால்ல மேடம், எங்க கெமிக்கல் ஈரத்து மேலயே அடிக்கலாம், அடுத்த வாரமே பெயிண்ட், பத்து வருஷம் வாரண்டின்னாங்க, 2,80,000 ரூவா எஸ்டிமேட். வாரண்டி பேப்பரை வாங்கி படிச்சேன். பைப் லீக்குனால வர்றது சேராதாம். எங்களுக்கு வந்ததே பைப்புல தானேய்யா.

அப்பறம் ஒத்தக்கடையில இருக்க எங்க சித்தப்பா சொல்லித்தான் இந்த மேஸ்திரி வந்தாரு. அம்பது வயசு இருக்கும், டிவிஎஸ் எக்ஸ்எல்ல வந்து எறங்குனாரு. செவத்தை வெரல் முட்டியால தட்டிப் பாத்தாரு, டைல்ஸை காலால தட்டிப் பாத்தாரு, டொக்குன்னா விட்டுட்டாரு, டம்முன்னு கேட்ட எடத்துல எல்லாம் சாக்பீஸ்ல பெருக்கல் குறி போட்டாரு. மொதல் கேள்வியே "ஊத்துன ஹோஸை தூக்கிப் போட்டுட்டீகளா?"ன்னுதான். நல்லவேளை குப்பையில போடல. எடுத்துக் கொடுத்தேன், வெளிச்சத்துல புடிச்சு திருப்பிக் காட்டுனாரு. பிளாஸ்டிக் நட்டு, மரை ஆரம்பிக்கிற எடத்துல மெல்லிசா மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு, வளையத்துல பாதி தூரத்துக்கு போயிருக்கு, அந்த வெடிப்புக்குள்ள உப்பு படிஞ்சு வெள்ளையா இருக்கு. "இது அன்னைக்கி ஒடையல தங்கச்சி, மாட்டும்போதே ஸ்பேனரைப் போட்டு மூச்சைப் புடிச்சு முறுக்கிருக்கான், அன்னைக்கே விண்டுருச்சு, ஏழு வருஷம் தாங்குனதே பெருசு"ன்னாரு. கையால முறுக்கிட்டு கடைசியில கால் சுத்து போதுமாம் இதுக்கெல்லாம். பித்தளை நட்டு வச்ச ஸ்டீல் பின்னல் ஹோஸ் நாங்க வாங்குனப்ப 350 ரூவா, பிளாஸ்டிக் நட்டு வச்சது 120. அந்த 230 ரூவா மிச்சத்துக்குத்தான் நாங்க ரெண்டரை லட்சம் செலவழிச்சோம்.

அடுத்து அவரு சொன்னதுதான் எனக்கு புடிக்கல, அன்னைக்கி. ஒரு மாசத்துக்கு ஒண்ணும் பண்ண முடியாதுன்னாரு. நனஞ்ச பூச்சையும் பட்டியையும் மூணடி ஒசரத்துக்கு கொத்தி எடுத்துட்டு, செங்கல் தெரிய விட்டுட்டு, ஃபேனை போட்டு ஜன்னலை தொறந்து வச்சு காயவிடணும். பட்டியும் பெயிண்ட்டும் தோலு மாதிரி மூடிருக்கும், உள்ள இருக்க ஈரம் வெளிய வர வழி இருக்காது, அது மேலயே மறுபடி அடிச்சா ஆறாவது மாசம் உப்பு பூத்து பொரிஞ்சு விழும்னாரு. செவத்துல ஒரு இஞ்சு காய ஒரு மாசம்னு பொதுவா கணக்கு சொல்வாங்களாம், பூச்சை உரிச்சுட்டு ரெண்டு பக்கமும் காத்து பட விட்டா நம்மூரு பங்குனி வெயிலுக்கு நாலரை இஞ்சு செவரு ஒண்ணு ஒண்ணரை மாசத்துல தேறிரும்னு சொன்னாரு. நாங்க அத்தனை பேரும் மாடி ரூம்ல, சமையல் கட்டு கீழ, பொழுதன்னிக்கும் படி ஏறி எறங்கணும். எங்க வீட்டுக்காரரு "அந்த கம்பெனியவே கூப்புடலாமா"ன்னு கூட ஆரம்பிச்சாரு. அத்தைதான் "கட்டுன வீட்டுக்கு நாள் பாக்குறோம், காய்றதுக்கு நாள் பாக்க மாட்டீகளா"ன்னு ஒரு போடு போட்டாங்க.

வாரா வாரம் ஞாயித்துக்கிழமை வெள்ளனே வருவாரு. கையில ரெண்டு ஊசி நீட்டிக்கிட்டு இருக்க ஒரு சின்ன மீட்டர், ஈரம் பாக்குறது, பாக்க டெஸ்டர் மாதிரி இருக்கும். செவத்துல ஆறு எடத்துல அதை அழுத்தி, வர்ற நம்பரை பென்சில்ல அங்கயே எழுதி பக்கத்துல தேதி போடுவாரு. அந்த நம்பரு மரத்துக்குன்னு போட்ட அளவாம், செங்கலுக்கு அப்படியே எடுத்துக்கக் கூடாது, ஏறுதா எறங்குதான்னு மட்டும் பாருங்கன்னாரு. எம் மவன் ஒசரத்தை நெலைக்கதவுல கோடு போட்டு வச்சிருக்கோம்ல, அதே மாதிரி செவரு பூரா நம்பரு. மார்ச் 23ல 38, அடுத்த வாரம் 31, அப்பறம் 24, ஏப்ரல் 13ல 19. அஞ்சு எடம் இப்படி ஒழுங்கா எறங்குது. ஒரே ஒரு எடம், கீழ் பெட்ரூம்ல சீலிங்கும் செவரும் சேர்ற மூலை, 36, 34, 35, 36. அசையவே இல்ல.

நானா இருந்தா மூலைல காத்து படலன்னு விட்டுருப்பேன். அவரு மேல நிமிந்து பாத்துட்டே கொஞ்ச நேரம் நின்னாரு, "இது வேற தண்ணி தங்கச்சி"ன்னாரு. அதாவது ஹோஸ் ஒடஞ்சது ஒண்ணு, அதுக்கு முன்னாடி இருந்தே சத்தம் போடாம இன்னொரு லீக்கு ஓடிக்கிட்டு இருந்திருக்கு. அந்த மூலைக்கு நேர் மேல மாடி பாத்ரூமு.

கண்டுபுடிச்ச விதத்தை சொல்லியே ஆகணும், எனக்கு இந்த டீம் மேல மரியாதை வந்ததே அங்கதான். மொதல்ல பிளம்பரை விட்டு எல்லா டேப் வாயையும் டம்மி போட்டு அடைச்சு, கைப்பம்பு வச்சு பைப்புல பிரஷர் ஏத்தி, 8 கிலோவுல முள்ளை நிறுத்திட்டு ராத்திரி பூரா விட்டாங்க. காலையில முள்ளு அதே எடத்துல. சரி, தண்ணி வர்ற பைப்புல கொறை இல்ல. ரெண்டாவது, பாத்ரூம் தரையில தண்ணி வெளிய போற நஹானி வாயை துணிய சுருட்டி அடைச்சுட்டு தரையில ரெண்டு இஞ்சு தண்ணி கட்டி அதுல சொட்டு நீலம், துணிக்கு போடுறது, அதை அரை பாட்டில் ஊத்திட்டாரு. ஒரு நாள் பூரா ஆச்சு, கீழ ஒண்ணும் இல்ல. அப்ப தரை டைல்ஸும் தப்பு இல்ல. மூணாவது அந்த துணிய உருவிட்டு நீலத்தண்ணியவே பக்கெட் பக்கெட்டா நஹானிக்குள்ள ஊத்தச் சொன்னாரு. சாயந்தரம் அத்தை கீழ இருந்து "ஏத்தா, இங்க வந்து பாரு"ன்னு கூப்புடுறாங்க. அந்த மூலைல இங்க் சிந்துன மாதிரி நீலமா ஒரு கறை, எலுமிச்சம்பழம் அகலத்துக்கு. கழிவுத்தண்ணி போற ட்ராப்புல ஜாயின்ட்டு லீக்கு. மூணு டெஸ்டுக்கும் சேத்து ஆன செலவு பிளம்பரு கூலியும் ஒரு சொட்டு நீலமும்.

ஒடச்சுத்தான் ஆகணும்னு ஆச்சு. பாத்ரூம் தரைக்கு அடியில பள்ளமா விட்டிருப்பாங்களே, சங்கன்னு, அதுல போட்டிருந்த செங்கல் உடைசலை அள்ள அள்ள சகதி. ஏழு வருஷத்துக்கு முன்னாடி வேலை பாத்த புண்ணியவானுங்க சிமெண்ட் சாக்கு, கொச்சக்கயிறு, பரோட்டா கட்டிட்டு வந்த பார்சல் கவரு வரைக்கும் உள்ள போட்டு மூடிருக்காங்க. அறுபது மூட்டை எறங்குச்சு. ட்ராப்புல பைப்பை ஒட்டுற சொல்யூஷன் தடவாம சும்மா சொருகி விட்டிருந்தாங்க, கையால இழுத்ததும் கழண்டு வந்துச்சு. கீழ சீலிங்ல பூச்சை தட்டுனதும் ரெண்டு கம்பி துரு பூத்து நின்னுச்சு, கம்பி துருப்புடிச்சா முன்ன இருந்ததை விட பருத்துரும், உள்ள இருந்து நெம்பி காங்கிரீட்டையே வெடிக்க வச்சிரும், இன்னும் நாலஞ்சு வருஷம் விட்டிருந்தா கட்டில் மேலயே விழுந்திருக்கும்னாரு. கம்பிய பிரஷ் போட்டு தேச்சு, துரு தடுக்குற பெயிண்ட் அடிச்சு, பாலிமர் கலவை வச்சு அடைச்சாங்க.

பாத்ரூம் தரையில மூலை எல்லாம் கலவையால வளைச்சு விட்டு, சிமெண்ட் வாட்டர்ப்ரூஃபிங் ரெண்டு கோட்டு, மொத கோட்டு நீளவாக்குல, காஞ்சதும் ரெண்டாவது குறுக்க, குளிக்கிற பக்கம் செவத்துல ஆறடி வரைக்கும். அப்பறம் ரெண்டு நாள் தண்ணி கட்டி வச்சு பென்சில் கோடு போட்டுப் பாத்தாரு, அந்த வெயிலுக்கு ஆவியாப் போனது ஒரு நூல் எறங்கிருந்துச்சு அவ்ளோதான். இன்னொண்ணு பண்ணாரு, சங்கன் அடியில இருந்து ஒரு சின்ன பைப்பை வெளிச்செவத்துக்கு விட்டாரு. என்னைக்காச்சும் மறுபடி உள்ள தண்ணி தேங்குனா பெட்ரூம்ல எறங்காம வெளிய சொட்டும், நீங்க பாத்துட்டு என்னைய திட்டிக்கலாம்னு சொன்னாரு. வீடு கட்டும்போதே இதை வைக்கணும், எங்க வீட்டுல யாரும் வைக்கல.

இது எல்லாம் நடந்துக்கிட்டு இருக்கும்போதே சித்திரைத் திருவிழா வந்துருச்சு. மே 8 திருக்கல்யாணம், 12 அழகர் ஆத்துல எறங்குறாரு. பாத்ரூமை ஒடச்சு போட்டுட்டு பத்து நாள் ஒரு ஆளு வரல. ஒரு கொத்தனாருக்கு போன் பண்ணா "அக்கா, அழகருக்கு தண்ணி பீச்சுறதுக்கு நேந்திருக்கேன்க்கா"ங்கிறான். என்னத்த சொல்ல, நானே அன்னைக்கி ஆத்துப் பாலத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தேன். ஆனா இது பங்குனியிலயே தெரிஞ்ச தேதிதானே மேஸ்திரி, ஒடைக்கிறதை அதுக்கு தகுந்த மாதிரி தள்ளி வச்சிருக்கலாம்ல. கால் மார்க் இதுக்கு போச்சு.

ரீமாடலிங்ன்னு எங்களுக்கு பெரிய ஆசை எல்லாம் இல்ல, ஒடச்சதுதான் ஒடச்சோம்னு கொஞ்சம் மாத்திக்கிட்டோம். கப்போர்டு பழசு பார்ட்டிகிள் போர்டு, இப்ப அடி ரெண்டடிக்கு மட்டும் 710 பிளை, தண்ணிக்கு தாங்குற மரைன் பிளை அது, மேல சாதாரண 303 பிளை. எல்லாமே மரைன் பிளை போடுங்கன்னு கடைக்காரரு சொன்னாரு, ஆசாரி வேணாம்க்கா காசு தெண்டம், தண்ணி படுற எடத்துக்கு மட்டும் போதும்னாரு. அதோட கப்போர்டு தரையில ஒக்காராம நாலு இஞ்சு ஸ்டீல் கால்ல நிக்கிது, அடியில மாப் போட முடியுது. பிளக் பாயின்ட் எல்லாம் ஒரு அடி ஒசத்தி வச்சோம், எலெக்ட்ரீஷியன் மெக்கர்னு வயர் இன்சுலேஷன் பாக்குற மீட்டரை வச்சு வயரை செக் பண்ணி ரெண்டு சர்க்யூட்ல புது வயரு இழுத்தாரு. சென்சாரை கழட்டல, ஆனா இப்ப ஊருக்கு போனா கேட் வால்வை மூடி, மோட்டார் சுவிட்சையும் ஆஃப் பண்ணிட்டு, அதை போட்டோ எடுத்துக்கிட்டுத்தான் கெளம்புறோம். பஸ்ல ஒக்காந்து மூடுனோமா மூடலயான்னு சண்டை வராம இருக்க.

செலவு கேப்பீங்க. பாத்ரூமும் பிளம்பிங்கும் 78,000, பூச்சு, பட்டி, பெயிண்ட் 64,000, கப்போர்டு, லாப்ட் எல்லாம் 92,000, கரண்டு வேலை 9,500. மொத்தம் 2,43,500.

இன்சூரன்ஸ் பத்தி ஒரு விஷயம், இது நெறைய பேருக்கு தெரியல, எங்களுக்கும் தெரியாது. வீட்டு லோன் போடும்போது பேங்க்ல சேத்து ஒரு பாலிசி தலையில கட்டுவாங்கள்ல, எங்களது வருஷா வருஷம் ரினீவல் ஆகி பாரத் கிருஹ ரக்‌ஷான்னு பேரோட பீரோவுல கெடந்துச்சு. 2021 ஏப்ரல் 1ல இருந்து, இன்சூரன்ஸ் கம்பெனிகளை கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ கொண்டு வந்த ஒரே மாதிரி பாலிசி அது, தீ, வெள்ளம் மட்டும் இல்ல, தண்ணி டேங்க், பைப் வெடிச்சு வர்ற சேதமும் அதுல சேரும். ஹோஸ் ஒடஞ்சதுக்கான சேதத்துல எங்களுக்கு 61,000 வந்துச்சு. நஹானி லீக்குக்கு ஒத்த பைசா கெடையாது, கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சது விபத்து இல்லன்னுட்டாங்க. நாங்க பண்ண முட்டாள்தனம், சர்வேயர் வர்றதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் கூட்டிப் பெருக்கி காயப்போட்டுட்டோம். அன்னைக்கி ராத்திரி எங்க நாத்தனா மவன் ரீல்ஸ் போடுறேன்னு எடுத்த வீடியோதான் காப்பாத்துச்சு. அவனை அப்ப வஞ்சேன், இப்ப வாட்ச் வாங்கிக் கொடுத்திருக்கேன்.

இங்கதான் மேஸ்திரி மேல எனக்கு நெசமான கோவம். பில்லு கொடுக்க மாட்டேங்குறாரு. சிகரெட் அட்டை மாதிரி ஒரு அட்டையில கூட்டல் போட்டு நீட்டுறாரு, இன்சூரன்ஸ்காரங்க அதை பாத்து சிரிக்கிறாங்க. மூணு வாரம் பின்னாடியே அலைஞ்சு கடைசியில பொருள் வாங்குன கடை பில்லையும், கூலிக்கு கையெழுத்து போட்ட ரசீதையும் வாங்குனேன். நீங்க யாரை கூப்புட்டாலும் மொத நாளே பில்லு வேணும்னு சொல்லிருங்க. அரை மார்க் இதுக்கு.

மிச்சம் கால் மார்க் சில்லறைக் கோவம். பழைய டைல்ஸ் டிசைன் இப்ப வர்றதில்லயாம், பெட்ரூம்ல எடுத்த எட்டு டைல்ஸுக்கு பதிலா என்னைய கேக்காமயே "கிட்டத்தட்ட இதே கலருதான்"னு வாங்கிட்டு வந்து ஒட்டிட்டாரு, சாயந்தர வெளிச்சத்துல பாத்தா வெள்ள வேட்டில காப்பி சிந்துன மாதிரி ஒரு வரிசை தெரியுது. மேல கட்டிலை இழுத்து போட்டு மறைச்சிருக்கோம். தூசிக்கு எதையும் மூடல, உப்புத்தாள் போட்டு தேச்ச அன்னைக்கி எங்க வீட்டு சாமி படம் அத்தனையும் விபூதி பூசுன மாதிரி ஆயிருச்சு. பெயிண்டரு சுவிட்ச் போர்டு மேலயும் சேத்து அடிச்சுட்டு போயிட்டாரு, நான் தின்னர் வச்சு தொடச்சேன்.

வேலை எப்படி நின்னுருக்குன்னா, ஐப்பசி கார்த்திகை அடைமழை முடிஞ்சு அந்த மூலைய தொட்டுப் பாத்தேன், மாவு மாதிரி காஞ்சு இருக்கு. மேஸ்திரி மீட்டரை கொண்டு வந்து 12ன்னு காட்டுனாரு, பழக்க தோஷத்துல புது பெயிண்ட் மேலயே பென்சிலை எடுத்து எழுதப் போனாரு, அத்தை போட்ட சத்தத்துல பென்சிலு கீழ விழுந்துச்சு.

அந்த கதவுக்கு கீல் வாங்கி வச்சு எத்தனையோ மாசம் ஆச்சு. நேத்து ஆசாரிக்கு போன் பண்ணேன், வெள்ளிக்கிழமை கண்டிப்பா வந்துர்றேன்க்கான்னாரு. எந்த வெள்ளிக்கிழமைன்னு கேக்க மறந்துட்டேன்.